நினிவேக்கும் இரங்கியவர்

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் தவக்காலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கம் என்று பல சபைகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வேறு சமயத்து நண்பர்கள் சிலரையும் காண்கிறேன். கீழ்ப்படியாத மனிதர்மேல் கடவுள் கொள்ளும் இரக்கத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். வேதத்துக்குள் நுழையுமுன் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், கீழ்ப்படியாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, பினாங்குக்கு அனுப்பு என்பதே ஒருகாலத்தில் ஆட்சியாளர்களின் விடையாக இருந்தது.

லெபோ ஃபார்குவாரில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தை அறியாதவர் இங்கே இருக்க மாட்டீர்கள். தென்கிழக்காசியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயம் அது. 1818இல் கட்டி முடித்தார்கள். அதன் சுவர்களை எழுப்பிய கைகள் கைதிகளின் கைகள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மனிதர்கள் அவர்கள். வங்காளத்தார் உண்டு, சென்னை மாகாணத்துத் தமிழரும் உண்டு. 1790களில் தொடங்கி 1860கள் வரை இந்த இறக்குமதி நடந்தது. இந்தத் தீவின் பழைய சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் பலவற்றில் அவர்களுடைய வியர்வை இருக்கிறது.

வங்காள, சென்னை மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் அவர் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. 1849இல்தான் அதை நிறுத்தினார்கள். அந்த நெற்றியோடுதான் பலர் இங்கே கரையேறினார்கள். தண்டனை முடிந்தாலும் நெற்றி முடியாது. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து நடத்தப் ‘பினாங்கு விதிகள்’ என்று ஒரு முறையும் உண்டாயிற்று. புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு சாலை வேலைக்குப் போவான். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக நடந்தால் விலங்கு கழலும், வேலை இலகுவாகும், கடைசியில் வெளியே போய்ப் பிழைக்க அனுமதிச் சீட்டும் கிடைக்கலாம். தவறு செய்தால் மறுபடி கீழ்வகுப்பு. அன்றைய உலக நிலைக்கு இது அவ்வளவு கொடிய முறை இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அது ஓர் ஏணி. ஏறினவனுக்கு மட்டும் இரக்கம்.

இன்னொரு வகைக் கீழ்ப்படியாமையும் இந்தக் கரைக்கு வந்தது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில், கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அப்போது பதின்வயதுப் பையன். மருதுவிடமே வளரி எறியக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1818இல் பினாங்குக்கு வந்தபோது துரைசாமியைப் பார்த்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முப்பதைச் சற்றே தாண்டியிருக்க வேண்டியவர், நரைத்துத் தளர்ந்த கிழவராகத் தெரிந்தாராம். செயின்ட் ஜார்ஜ் ஆலயம் எழுந்து நின்ற அதே ஆண்டு.

துரைசாமியின் பெயரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழ்ப்படியாமை என்ற உடனேயே அதைப் பாவம் என்று எழுதிவிடக் கூடாது. யாருக்குக் கீழ்ப்படியாமை என்று கேட்க வேண்டும். அந்நியக் கம்பெனிக்குப் பணியாதவர் கடவுளுக்குப் பணியாதவர் ஆகிவிட மாட்டார். பார்வோனின் கட்டளையை மீறி எபிரேயக் குழந்தைகளை உயிரோடு காத்த மருத்துவச்சிகளை வேதம் மெச்சுகிறது. இன்று நான் பேசப்போவது வேறொன்று: எது நல்லது என்று தெரிந்தும் அதற்கு முதுகு காட்டிப் போவது. அதை நம்மில் செய்யாதவர் இல்லை.

வேதத்தில் முதல் கொலைகாரன் காயீன். தம்பியை வயல்வெளியில் அடித்துக் கொன்றவன். கடவுள் கேட்டபோது பொய் சொன்னவன். தண்டனை கிடைத்தது, நிலம் அவனுக்குப் பலன் தராது, அவன் அலைந்து திரிவான். ஆனால் தன்னைக் காண்கிற எவனும் கொன்றுவிடுவானே என்று அவன் அஞ்சினபோது, கடவுள் அவன்மேல் ஓர் அடையாளம் வைத்தார். யாரும் அவனைக் கொல்லாதிருக்க வைத்த அடையாளம் அது. கம்பெனிக்காரனும் குற்றவாளியின்மேல் அடையாளம் வைத்தான், ஊர் அவனை ஒதுக்கும்படி. நம் மக்கள் பேச்சில் காயீனின் அடையாளம் என்றால் அவமானச் சின்னம் என்றே வழங்குகிறது. ஆதியாகமத்தை நிதானமாகப் படித்தால் அது காவல் என்று தெரியும். காயீன் மன்னிப்புக் கேட்டதாகக்கூட அங்கே இல்லை. மனம் திரும்புமுன்னே இரக்கம் அவனைத் தேடி வந்துவிட்டது.

இங்கிருந்து யோனாவிடம் போவோம். துறைமுகத்து ஊரில் வாழ்கிற நமக்கு நெருக்கமான கதை அது. கடவுள் போகச் சொன்ன நினிவே கிழக்கே தரைவழியில் இருந்தது. யோனா மேற்கே யோப்பா துறைமுகத்துக்குப் போய், கட்டணம் கொடுத்து, தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். தெரியாமல் வழி தவறியவர் என்று யாரும் சொல்ல முடியாது. நம் அண்டை வீட்டாருக்கும் இவர் சொந்தமானவர். திருக்குர்ஆனின் பத்தாம் அத்தியாயத்துக்கு யூனுஸ் நபியின் பெயர்தான். கேரளத்துக் குறவிலங்காட்டில் கிறிஸ்தவர்கள் ‘மூன்று நோன்பு’ நாளில் யோனாவின் நினைவாக மரக்கப்பல் ஒன்றைத் தோளில் சுமந்து, கடலில் தத்தளிப்பதுபோல் ஆட்டி ஆட்டி ஊர்வலம் கொண்டுபோகிறார்கள். யூதர்கள் ஆண்டின் மிகப் பெரிய உபவாச நாளில் பிற்பகலில் இந்த நூலை முழுதாக வாசிக்கிறார்கள். நாம்தான் இதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் மீன் கதையாக்கி விட்டோம்.

நினிவே என்ன ஊர்? அசீரியாவின் பெருநகரம். அந்தச் சாம்ராஜ்யத்தின் கொடுமைக்கு அவர்களே செதுக்கி வைத்த சாட்சி உண்டு. நினிவேயில் சனகெரிபு அரசன் தன் அரண்மனைச் சுவரில் பதித்த கற்சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யூதேயாவின் லாகீசு நகரை வீழ்த்தியதைக் காட்டும் சிற்பங்கள். கைதிகளைக் கழுவேற்றுவதையும் தோலுரிப்பதையும் பெருமையோடு வெட்டியிருக்கிறார்கள். வட நாடான இஸ்ரவேலை அழித்து மக்களைச் சிறைபிடித்துப் போனதும் அசீரியர்தான். அப்படிப்பட்ட ஊருக்குப் போய் எச்சரிக்கை சொல் என்றால், யோனா தயங்கியதில் வியப்பில்லை. உங்கள் குடும்பத்தை அழித்தவன் வீட்டுக்குப் போய், நீ தப்பிக்க வழி இருக்கிறது என்று சொல்லச் சொன்னால் நீங்கள் எந்தக் கப்பல் ஏறுவீர்கள்?

கப்பலில் நடப்பதைப் பாருங்கள். புயல் வருகிறது. மாலுமிகள் ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். கடவுளின் ஆள் கீழ்த்தட்டில் தூங்குகிறார். இந்தப் புயலுக்குத் தாமே காரணம் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த அந்நியர்கள் அவரைக் கடலில் எறிய மனமில்லாமல், கரை சேர முடியுமா என்று துடுப்புப் போட்டுப் போராடுகிறார்கள். வேற்றுச் சமயத்து மாலுமிகள் ஓடிப்போன தீர்க்கதரிசிக்கு இரங்கினார்கள். யோனாவோ ஒரு நகரத்துக்கே இரங்கவில்லை. வேதத்தை எழுதியவர் இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்.

மீன் விழுங்கியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது கொல்ல வந்த மீன் இல்லை, கரையில் கொண்டு சேர்க்க வந்தது. பிறகு கடவுள் இரண்டாம் முறை அதே வேலையை அதே ஆளுக்குக் கொடுக்கிறார். இதை நான் மிகவும் மதிக்கிறேன். மன்னித்தேன், ஆனால் இனி உன்னை நம்ப மாட்டேன் என்று மனிதர் சொல்வோம். கடவுளின் மன்னிப்பில் பொறுப்பும் திரும்பக் கிடைக்கிறது. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் உயிர்த்த இயேசு மூன்று முறை அன்பைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் மந்தையை அவர் கையில் ஒப்படைத்தாரே, அதுவும் இதே வழக்கம்தான்.

நினிவே மனம் திரும்பியது. அரசன் சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடுமாடுகளுக்குக்கூட இரட்டு உடுத்தினார்களாம். கடவுள் தாம் சொன்ன அழிவைச் செய்யவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல உபதேசக் கதையாக இருந்திருக்கும். நூலுக்கு இன்னும் ஓர் அதிகாரம் இருக்கிறது. என் மனத்தில் அந்த நான்காம் அதிகாரமே முழு நூலின் உயிர்.

யோனாவுக்குக் கடுங்கோபம். தாம் ஏன் ஓடினார் என்பதை அப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறார். அதுவரை நாம் பயந்து ஓடினார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உம்முடைய இரக்கத்தை நான் அறிவேன், நீர் கடைசியில் மனமிரங்கி விட்டுவிடுவீர் என்று தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறார். கடவுளின் இரக்கமே அவருக்குக் குற்றச்சாட்டு! நகரத்துக்கு வெளியே பந்தல் போட்டு, ஊர் இன்னும் அழியாதா என்று பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கடவுள் ஓர் ஆமணக்குச் செடியை முளைப்பித்து நிழல் கொடுக்கிறார், மறுநாள் பூச்சி அரித்து அது பட்டுப்போகிறது, வெயில் கொளுத்துகிறது, யோனா செத்துப் போகலாம் என்கிறார். நீ நட்டு வளர்க்காத செடிக்காக இப்படி வருந்துகிறாயே, வலது இடது தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும் அத்தனை கால்நடையும் இருக்கிற நகரத்துக்காக நான் வருந்தக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு நூல் நின்றுவிடுகிறது.

இந்த நூலில் கீழ்ப்படியாதவர் இரு தரப்பு: ஓர் ஊர், ஒரு தீர்க்கதரிசி. ஊர் கேட்டவுடன் திரும்பியது. தீர்க்கதரிசி இரண்டு முறை முரண்டு பிடித்தார், முதலில் காலால், பிறகு மனத்தால். கடவுள் இருவரையும் கைவிடவில்லை. முகம் கடுகடுத்து உட்கார்ந்திருக்கும் யோனாவின் பக்கத்தில் இருந்து வாதாடுகிறார், நிழல் கொடுக்கிறார், நிழலை எடுக்கிறார், மறுபடி பேசுகிறார். நினிவேக்குக் காட்டிய இரக்கத்தைவிட யோனாவிடம் காட்டிய பொறுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் நாம் பெரும்பாலும் யோனாக்கள். கெட்ட குமாரன் கதையில் திரும்பி வந்த தம்பியைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். விருந்துக்குள் வர மறுத்து வாசலில் நின்ற அண்ணனைக் கூப்பிட அதே தகப்பன் எழுந்து வெளியே வந்ததை எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள்?

கடவுளின் இரக்கம் மனிதன் திருந்தியதற்குக் கூலியாக வருவதில்லை. முன்னாலேயே புறப்பட்டு வந்துவிடுகிறது. அதைத் தாங்க முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் ஒழுங்காக நடந்தவர்கள். இதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன்.

நம் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலிருந்து ஒன்று சொல்கிறேன். கேட்க வலிக்கும். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். 1745இல் நீலகண்டப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆன ஊர். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர், திருவிதாங்கூர் அரசின் சித்திரவதைக்குப் பின் 1752இல் ஆரல்வாய்மொழி மலையில் சுடப்பட்டவர், 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவரைக் கிறிஸ்தவராக்கிய அதே ஊரில் 1872இல் ஓர் ஆலயம் எழும்பியது. பீடம் ஒன்று, அங்கிருந்து இரு கால்கள்போல் பிரியும் இரண்டு கூடங்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம் உட்கார்ந்து ஒரே நற்கருணையை வாங்கும்படி கட்டிய ஏற்பாடு. சாதியைக் கல்லிலேயே கட்டி வைத்தார்கள். 1910இல் அந்தத் தடுப்பை இடித்தபோது சாதி உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அங்கும் அந்த உரிமை நிலைக்கவில்லை.

மக்களும் குருக்களும் சேர்ந்தே செய்த கீழ்ப்படியாமை இது. அந்த 38 ஆண்டுகளும் அங்கே பூசை நடந்தது, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், சாகிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். கடவுள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தப் பொறுமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். இடிக்க ஆள் வந்தது. எந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சுவர் கட்டிக்கொண்ட மக்களுக்கே அத்தனை காலம் இரங்கியவர், நாம் ஒதுக்கி வைக்கும் மனிதருக்கு இரங்கமாட்டார் என்று எப்படி நினைக்க முடிகிறது? இங்கே பினாங்கில் நம் கலியாணப் பேச்சுகளில் அந்தச் சுவர் இடிந்துவிட்டதா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

இப்போது உங்களில் பலர் மனத்தில் ஓர் ஆட்சேபம் எழும்பியிருக்கும். முன்னாலேயே இரக்கம் வந்துவிட்டால் மனிதன் ஏன் திருந்துவான்? இது நேர்மையான கேள்வி. ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில், மனம் திரும்புதல் இல்லாமல் பங்கிடப்படும் கிருபையை மலிவுக் கிருபை என்று கடிந்தார். ஹிட்லரின் ஆட்சி அவரை 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டது. இரக்கத்தைப் பற்றி அவர் சொன்னதை எளிதாகத் தள்ள முடியாது.

லூக்கா நற்செய்தியின் சகேயுவிடம் எனக்கு விடை கிடைக்கிறது. எரிகோ ஊரில் வரி வசூலித்துச் சொந்த மக்களைச் சுரண்டிக் கொழுத்தவன். காட்டத்தி மரத்தில் ஏறி எட்டிப் பார்த்தவனை இயேசு கூப்பிட்டு, உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அப்போது அவன் ஒரு காசும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊர் முணுமுணுத்தது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பிடுங்கியது நாலத்தனையாக உரியவருக்கு என்றான். இரக்கம் முதலில் வீட்டுக்குள் வந்தது. கணக்கு அப்புறம் தீர்ந்தது. தீர்ந்தது என்பதைக் கவனியுங்கள். பறிகொடுத்தவர்களின் கையில் பணம் வந்து சேராமல் சகேயுவின் கதை முடிந்திருந்தால் அதை நற்செய்தி என்று நான் சொல்ல மாட்டேன். அடிபட்டவளிடம் போய், கடவுள் உன் புருஷனை மன்னித்துவிட்டார், நீயும் மறந்துவிடு என்று சொல்லும் மூப்பர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இரக்கத்தின் பெயரால் செய்யும் இரண்டாவது அடி.

நம் மலேசிய நாட்டுச் சட்டத்திலும் அண்மையில் ஓர் அசைவு ஏற்பட்டது. கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4 அன்று நடைமுறைக்கு வந்தது. தூக்குக்குக் காத்திருந்தவர்களின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் ஒவ்வொன்றாக மறுஆய்வு செய்தது. பலருக்கு அது 30 முதல் 40 ஆண்டுச் சிறையாக மாறியது. அதற்கு முந்தின ஆண்டு ஏப்ரலில் பேராக் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞரைச் சிங்கப்பூரில் போதைப்பொருள் வழக்கில் தூக்கிலிட்டார்கள். கருணை மனு பலிக்கவில்லை. அந்த வாரம் நம் வீடுகளில் எப்படிப் பேசிக்கொண்டோம் என்று நினைத்துப் பாருங்கள். அழுதவர்கள் உண்டு. போதைப்பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அப்படித்தான் என்று சொன்னவர்களும் உண்டு. கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள். போதைப்பொருளால் பிள்ளையை இழந்த தாயின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய வலி கடவுளுக்கு முன் கனமானது. இழப்பு எதுவும் இல்லாமல் சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நம்மைத்தான் சொல்கிறேன். நாம் யோனாவின் பந்தலில் உட்கார்ந்திருந்தோம்.

ஜாலான் பெஞ்சாராவில் இருக்கும் சிறையை இந்த ஊரார் தினமும் கடந்து போகிறோம். உள்ளே நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைத்துப் பேசிப் பயனில்லை. விடுதலையாகி வருகிறவனுக்கு முதல் வாரம் படுக்க இடம் வேண்டும், பழைய கூட்டாளிகள் தேடி வருமுன் ஒரு வேலை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். தண்டனையை முடித்து வந்த பின்னும் பச்சை குத்திய நெற்றியைப் பார்ப்பதுபோல் நாம் அவனைப் பார்த்தால், கம்பெனி ஆட்சி இந்த ஊரில் இன்னும் முடியவில்லை என்று பொருள். அவனால் பாதிக்கப்பட்ட குடும்பமும் அதே சபையில் இருக்கலாம். அவனை வரவேற்குமுன் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பது சபையின் கடமை. அவர்கள் வேண்டாம் என்றால் வேறு ஆராதனையில், வேறு சபையில் அவனுக்கு இடம் தேடித் தருவதும் கடமைதான்.

உங்கள் சபைகளில் தவக்காலக் கூட்டங்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் உபவாச அட்டவணையும் ஈஸ்டர் அலங்காரமும் பேசி எழுந்துவிடுகிறோம். இந்த முறை இதையும் ஒரு பொருளாக வையுங்கள். சிறைக்குப் போய்ப் பார்க்க யார் பெயர் கொடுப்பது, கடை வைத்திருக்கும் அங்கத்தினரிடம் வேலை கேட்டு யார் பேசுவது, பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு முதலில் யார் போவது என்று முடிவு செய்து, பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் முதலில் பேசுங்கள்.